உரிமம் கைக்கு வந்த பிறகு: சிறு விமானம் ஓட்டுவோரின் அன்றாடம்

கணினித் துறையில் இருப்பதாகவும், நாற்பத்து நான்கு வயதில் பொழுதுபோக்காகச் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்புவதாகவும், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்து வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணி நேரப் பயிற்சி தேவை, உரிமம் எத்தனை ஆண்டு செல்லும், மாத்திரை குறுக்கே நிற்குமா, குடும்பத்தினரை ஏற்றிச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வார இறுதிகளில் பறப்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்திருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக வார இறுதி விமானியாக இருப்பவன் என்ற முறையில், நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிப் பதில் சொல்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது பயிற்சி மணிகளைப் பற்றித்தான். ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் மனிதரைத் தூங்கவிடாமல் செய்பவை மற்ற மூன்றும்தான்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனியார் விமானி உரிமம் என்ற ஆவணம் ஒருமுறை பெற்றால் ஆயுள் முழுவதும் செல்லும். காலாவதியாவது அந்த உரிமத்தைப் பயன்படுத்தும் தகுதி. அது மூன்று பூட்டுகள் போட்ட கதவைப் போன்றது: உரிமமும் அதில் எழுதப்பட்டுள்ள விமான வகைத் தகுதியும் ஒரு பூட்டு, மருத்துவச் சான்றிதழ் இன்னொன்று, அண்மைக்காலத்தில் போதிய அளவு பறந்திருக்கிறீர்களா என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காலக்கெடு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத தேதிகள். மூன்றும் திறந்திருக்கும் நாளில் மட்டுமே நீங்கள் சட்டப்படி விமானி. பர்ஸில் உரிம அட்டையை வைத்துக்கொண்டே, பறக்கும் உரிமை இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு.

உங்களைப் பொறுத்தவரை நடுப்பூட்டுதான் முக்கியம் என்பதால் மருத்துவத்திலிருந்து தொடங்குகிறேன். தனியார் விமானிக்கு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வகைப்பாட்டின்படி, இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். ஐரோப்பிய விதிகளில் அது 40 வயதுக்கு முன் பெற்றால் 60 மாதங்கள் செல்லும், ஆனால் 42 வயதைத் தாண்டிச் செல்லாது. 40 முதல் 50 வரை 24 மாதங்கள். 50-க்குப் பிறகு 12 மாதங்கள். அமெரிக்காவில் அதற்கு இணையானதை மூன்றாம் வகுப்பு என்கிறார்கள். அது 40 வயதுக்குக் கீழ் 60 மாதங்களும் அதற்கு மேல் 24 மாதங்களும் செல்லும். கண்ணாடி அணிவது தடையல்ல, மாற்றுக் கண்ணாடி ஒன்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் நிபந்தனை. நிறக்குருடு இருந்தால் பெரும்பாலும் பகலில் மட்டும் பறக்கலாம் என்ற வரம்போடு சான்றிதழ் கிடைக்கும்.

இரத்த அழுத்தம் தன்னளவில் கதவை அடைப்பதில்லை. அமெரிக்க விதியில் 155/95 என்பதும் ஐரோப்பிய விதியில் 160/95 என்பதும் மேல் எல்லை. மாத்திரையால் அதற்குள் நிலையாக நிற்கிறது என்றால், வழக்கமான மருந்துகளில் பெரும்பாலானவை ஏற்கப்படுகின்றன. புதிதாக மருந்து தொடங்கினாலோ மாற்றினாலோ, உடல் அதற்குப் பழகும் வரை சில நாள்கள் பறக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். விமானத்துறை மருத்துவரின் காத்திருப்பு அறையில் அமர்ந்திருப்பவர்களின் முகங்களைப் பார்த்தால், தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் முகம் போலவே இருக்கும். அந்தப் பதற்றத்திலேயே அழுத்தம் பத்துப் புள்ளி ஏறிவிடும். வீட்டில் இரண்டு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிய தாளைக் கொண்டுபோனால் மருத்துவருக்கும் உங்களுக்கும் வேலை எளிதாகும்.

இங்கே பலர் தெரியாமல் விழும் ஒரு குழி இருக்கிறது. விண்ணப்பத்தை முறையாகப் பதிவு செய்து, பரிசோதனைக்குப் போய், நிராகரிக்கப்பட்டால், அந்த நிராகரிப்பு ஆவணத்தில் நிற்கும். அமெரிக்காவில் எளிய வழிகள் இரண்டு உண்டு. விளையாட்டு விமானி என்ற பிரிவில், இரவில் பறக்காதவரை, வாகன ஓட்டுநர் உரிமமே மருத்துவச் சான்றாகப் போதும். 2017 மே முதல் நடைமுறையில் உள்ள ‘பேசிக்மெட்’ முறையில், வழக்கமான மருத்துவரிடம் 48 மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனையும் 24 மாதங்களுக்கு ஒருமுறை இணையவழிப் பாடமும் போதும். ஆனால் 2006 ஜூலை 14-க்குப் பிறகு எப்போதாவது ஒருமுறையேனும் முறையான சான்றிதழ் வைத்திருந்தவருக்கே அது பொருந்தும். கடைசியாகக் கொடுத்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் இந்த இரண்டு வழிகளும் அடைபடும். ஆகவே உடல்நிலை பற்றிச் சிறு ஐயம் இருந்தாலும், விண்ணப்பம் போடுவதற்கு முன்பே விமானத்துறை மருத்துவரிடம் ஆலோசனைக்கு மட்டும் நேரம் கேட்டு, பழைய மருத்துவ அறிக்கைகளோடு போய்ப் பேசிவிடுங்கள். பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

மறைப்பதைப் பற்றியும் ஒரு சொல். மன அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், சான்றிதழ் போய்விடும் என்ற பயத்தில் மருத்துவரிடமே போகாமல் இருப்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்த, ஆனால் யாரும் உரக்கப் பேசாத செய்தி. அமெரிக்காவில் 2010 முதல் குறிப்பிட்ட சில மனச்சோர்வு மருந்துகளை எடுப்பவர்களுக்கும், நிபந்தனைகளோடு, சான்றிதழ் வழங்கப்படுகிறது. வழி நீளமானதுதான், ஆனால் இருக்கிறது. பொய் எழுதிப் பெற்ற சான்றிதழோ விபத்து நேரும் நாளில் காப்பீட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சாதாரணச் சளி மாத்திரையையும் இளக்காரமாக எண்ண வேண்டாம். தூக்கம் வரவைக்கும் டைஃபென்ஹைட்ரமின் போன்ற ஒவ்வாமை மருந்தை விழுங்கினால் 60 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானத்துறையின் அறிவுரை. வெள்ளி இரவு ஒரு மாத்திரை போட்டால் திங்கள் காலை வரை தரையில்தான்.

பயிற்சி மணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வதேச அடிப்படை விதியில் 40 மணி நேரம், அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் 35. அதில் 10 மணி நேரம் தனியே பறந்திருக்க வேண்டும். அந்தத் தனிப்பறத்தலில் 5 மணி நேரம் ஊர்விட்டு ஊர் செல்வதாக இருக்க வேண்டும். அதிலும் ஒரு பயணம் 270 கிலோமீட்டருக்குக் குறையாமல், இடையே இரண்டு வேறு தளங்களில் இறங்கி எழுவதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 45 மணி நேரம்; அங்கேயே இலகு விமான உரிமத்துக்கு 30. அமெரிக்க விளையாட்டு விமானிக்கு 20. இந்தப் பிரிவில் முன்பு 600 கிலோ எடைக்குட்பட்ட ஈரிருக்கை விமானங்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன; 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிமாற்றத்தால் நான்கு இருக்கை விமானங்களையும் ஓட்டலாம், ஆனால் ஏற்றக்கூடியவர் ஒருவர்தான்.

இவை எல்லாம் குறைந்தபட்ச எண்ணிக்கைகள். வேலைக்குப் போய்க்கொண்டு கற்பவர்கள் 60 மணியைத் தாண்டுவது சாதாரணம். திறமைக் குறைவைக் காட்டிலும் இடைவெளிதான் இதற்குக் காரணம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் பறப்பவர், ஒவ்வொரு முறையும் முதல் இருபது நிமிடத்தைப் போன பாடத்தை நினைவுக்குக் கொண்டுவருவதிலேயே செலவழிப்பார். வாரத்துக்கு இரண்டு பாடம் என்று மூன்று மாதம் ஒதுக்க முடிகிற காலத்தில் தொடங்குங்கள், முடியாதென்றால் தள்ளிப்போடுங்கள். எழுத்துத் தேர்வுப் பாடங்களைப் பயிற்சிக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. ஐரோப்பாவில் ஒன்பது பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு எடுக்க வேண்டும். கணினித் துறையில் இருப்பவருக்கு அது பெரிய சுமையாக இராது.

வானொலியில் பேசுவதுதான் நம்மவர்களை அதிகம் மிரட்டுகிறது. ஆங்கிலத் திறனுக்கென்று ஆறு படிநிலைகள் உண்டு. வெளிநாட்டுப் பயணத்துக்கு நான்காம் நிலை வேண்டும், அதைக் குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி நிரூபிக்க வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை, ஆறாம் நிலைக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் உங்களிடம் இலக்கியம் பேசப் போவதில்லை. நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், என்ன வேண்டும் என்ற மூன்றையும் அதே வரிசையில் சொல்லி, அவர் தரும் ஓடுபாதை எண்ணையும் காற்றழுத்த அளவையும் அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். சமையலறையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசிப் பழகியவன் நான். வீட்டில் சிரித்தார்கள், ஆனால் பலன் இருந்தது.

இனி ஒரு சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். ஒரு மணி நேரம் பறப்பதற்கு அரை நாள் ஆகும் என்பதை முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். காலையில் எழுந்ததும் வானிலை அறிக்கை, முந்தைய இரவு பார்த்ததிலிருந்து மாறியிருக்கிறதா என்று. பிறகு விமானிகளுக்கான அறிவிப்புகள்: எந்த ஓடுபாதை மூடியிருக்கிறது, எந்த வான்பகுதிக்குத் தற்காலிகத் தடை என்பவை. தளத்துக்குப் போய்க் கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்து, இழுகம்பியை மாட்டி விமானத்தை வெளியே இழுக்க வேண்டும்; அப்போது இறக்கை நுனி தூணில் உரசாமல் பார்க்க ஒருவர் துணையிருந்தால் நல்லது. சிறு விமானங்களின் நசுங்கல்களில் எத்தனையோ வானத்தில் நேர்ந்தவை அல்ல, இந்தக் கதவருகே நேர்ந்தவை.

அதன்பின் சுற்றிவந்து பார்க்கும் சோதனை. புரொப்பெல்லரின் முன்விளிம்பில் விரலை ஓட்டினால் கல் தெறித்த சிறு வெட்டு கண்ணுக்கு முன் விரலுக்குத் தெரியும். காற்றழுத்தக் குழாயின் துளையில் குளவி மண் வைத்திருக்கிறதா, இயந்திர மூடிக்குள் பறவை கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று நாள் நின்ற விமானத்தில்கூட நான் வைக்கோலை உருவி எடுத்திருக்கிறேன். எரிபொருள் அளவை முகப்பிலுள்ள முள்ளை நம்பிப் பார்ப்பதில்லை; இறக்கை மேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுகோலை விட்டுப் பார்ப்பதே வழக்கம்.

எனக்குப் பிடித்த பகுதி எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது. இறக்கைக்கு அடியிலும் இயந்திரத்தின் கீழும் உள்ள வடிகுழாய்களில் ஒரு சிறு கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தினால் நாலு விரற்கடை பெட்ரோல் இறங்கும். வழக்கமான விமான பெட்ரோல் வெளிர் நீல நிறம். தண்ணீர் கனமானது என்பதால் அடியில் முத்தாக உருண்டு நிற்கும், இரண்டுக்கும் இடையே மெல்லிய கோடு தெரியும். குவளை முழுவதும் தண்ணீராகவே இறங்கினால்தான் ஆபத்து, ஏனென்றால் அப்போது கோடே இராது. சுத்தமாக இருக்கிறதே என்று கொட்டிவிட்டுப் போய்விடுவோம். அதனால் குவளையை வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடித்து நீலம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு ஒரு சொட்டை விரலில் விட வேண்டும். பெட்ரோல் என்றால் சில்லென்று குளிர்ந்து நொடியில் பறந்துவிடும். தண்ணீர் விரலிலேயே நிற்கும். மழைக்கால இரவில் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்த ஒரு விமானத்தில் ஏழு குவளை வடித்த பிறகே எனக்கு நீலம் வந்தது. அன்று பறக்கவில்லை.

எடைக் கணக்கையும் ஒவ்வொரு முறையும் எழுதிப் பார்க்க வேண்டும். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்பட்ட செஸ்னா 152-இன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 757 கிலோ. கருவிகளோடு வெறும் விமானம் சுமார் 517 கிலோ இருப்பதாக வைத்துக்கொண்டால் மீதம் 240. பயன்படுத்தத்தக்க பெட்ரோல் 93 லிட்டரையும் நிரப்பினால் 67 கிலோ போய்விடும்; இரண்டு மனிதருக்கும் பைகளுக்கும் சேர்த்து 173 கிலோதான். நீங்களும் பயிற்றுநரும் தலா 85 கிலோ என்றால் மிஞ்சுவது மூன்று கிலோ. நல்ல சாப்பாட்டுப் பிரியரான பயிற்றுநர் வாய்த்தால் பெட்ரோலைக் குறைத்துத்தான் கிளம்ப வேண்டும். குறைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்கு மாறும். பகலில் போய்ச் சேர்ந்த பிறகும் 30 நிமிடத்துக்கான எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. நான் ஒரு மணி நேரத்துக்கு மிச்சம் வைப்பேன்.

காற்று, பார்வைத் தொலைவு, மேகம் ஆகிய மூன்றும்தான் போகலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கின்றன. செஸ்னா 172-க்குச் சோதனையில் காட்டப்பட்ட பக்கக்காற்று 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). ஓடுபாதைக்கு 30 பாகை சாய்ந்து 20 நாட் காற்று வீசினால் பக்கவாட்டுக் கூறு 10 நாட்தான், சமாளிக்கலாம். அதே காற்று 60 பாகைக்குத் திரும்பினால் 17 நாட் ஆகிவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் காற்று அப்படித் திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். புத்தகம் 15 என்று சொன்னாலும், உரிமம் பெற்ற முதல் ஆண்டில் உங்கள் சொந்த எல்லையை எட்டு நாட்டில் வைத்துக்கொண்டு, அதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஓடுபாதை முனையில் நிற்கும்போது மனம் பேரம் பேசும். எழுதிய தாள் பேசாது.

மேகத்தைப் பற்றிய விதி எழுத்தில் எளிமையானது. கண்ணால் பார்த்துப் பறப்பவருக்குப் பொதுவாக 5 கிலோமீட்டர் பார்வைத் தொலைவும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1500 மீட்டரும் மேலும் கீழும் 1000 அடியும் இடைவெளி வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனையே போதும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தெரியாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 வினாடி. உள்காதின் நீர்மம் பொய் சொல்லும், உடல் அதை நம்பும், விமானம் சரிந்து சுழலும். இது உறுதியைப் பொறுத்த விஷயமே அல்ல, உடலின் அமைப்பு அப்படி. என் பதிவேட்டில் ‘பாதியில் திரும்பினேன்’ என்று குறித்த பயணங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்று, போக வேண்டிய தளம் 12 கடல் மைல் தொலைவில் இருந்தபோது, எதிரே மலைத்தொடரின் மேல் மேகம் தாழ்ந்து கொடிகட்டியது போல் நின்றதால். பின்னால் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. முன்னே போக ஆசை காட்டியது அந்த 12 மைல்தான்.

வெயில் நாளும் தனக்கென்று ஒரு சூழ்ச்சி வைத்திருக்கிறது. கார்புரேட்டர் உள்ள இயந்திரத்தில், வெளியே 20 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே பனி உறையும். பெட்ரோல் ஆவியாவதும் குறுகிய தொண்டையில் காற்று விரிவதும் சேர்ந்து வெப்பத்தை உறிஞ்சிவிடுகின்றன. சுழற்சி எண்ணிக்கை மெல்ல மெல்ல இறங்கும், கை தானாகத் திராட்டிலை, அதாவது இயந்திர விசையைக் கூட்டும் பிடியை, கொஞ்சம் முன்னே தள்ளும், காரணம் தோன்றாது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் வெப்பக் குமிழை முழுவதுமாக இழுத்தால் இயந்திரம் முதலில் இன்னும் மோசமாக இருமும், பிறகு சீராகும். அந்த இருமலுக்குப் பயந்து குமிழை மறுபடி உள்ளே தள்ளிவிடாதீர்கள்; உருகிய நீரைத்தான் அது விழுங்கிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது பூட்டுக்கு வருவோம். ஐரோப்பாவில் ஒற்றை இயந்திர விமானத் தகுதி இரண்டு ஆண்டு செல்லும். அனுபவத்தின் அடிப்படையில் நீட்டிக்க, முடிவதற்கு முந்தைய 12 மாதங்களில் 12 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 6 மணி நேரம் பொறுப்பு விமானியாக. 12 முறை எழும்பி இறங்கியிருக்க வேண்டும். பயிற்றுநரோடு குறைந்தது ஒரு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வாளரோடு திறன் சோதனை. அமெரிக்காவில் 24 மாதங்களுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரத் தரைப்பாடமும் ஒரு மணி நேரப் பறத்தலும் சேர்ந்த மீள்பார்வை. அது தேர்வு அல்ல, தேறினார் தோற்றார் என்பது இல்லை. பயிற்றுநர் பதிவேட்டில் கையெழுத்திடுவார் அல்லது இன்னும் கொஞ்சம் பறப்போம் என்பார்.

ஆண்டுக்கு 12 மணி நேரம் என்றால் மாதம் ஒன்றுதானே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு முறை, முடிவுத் தேதிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கூட்டிப் பார்த்தால் ஒன்பது மணி நாற்பது நிமிடம். அடுத்த மூன்று வார இறுதிகளும் மழை. நான்காவது வாரம் விமானம் பராமரிப்பில். கடைசி வாரம் அலுவலகத்தில் விடுப்பு எடுத்து இரண்டு நாளில் முடித்தேன். பயிற்றுநரின் கையெழுத்து மட்டும் மறந்துபோய், மறுநாள் இருட்டும் வேளையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அதிலிருந்து பயிற்றுநரோடு பறக்கும் அந்த ஒரு மணி நேரத்தை ஆண்டின் முதல் மாதங்களிலேயே முடித்துவிடுகிறேன். குளிர்கால இடைவெளிக்குப் பின் கை துருப்பிடித்திருக்கும் நேரத்தில்தான் பக்கத்தில் ஒருவர் இருப்பது பயன். பல விமான மன்றங்கள் சட்டத்தைவிடக் கண்டிப்பானவை: ஒரு மாதமோ இரண்டு மாதமோ பறக்காமல் இருந்தால் பயிற்றுநரோடு ஒரு சுற்றுப் போகாமல் சாவியைத் தர மாட்டார்கள். முதலில் கோபம் வரும். பிறகு நன்றி சொல்வீர்கள்.

வேறொரு நாட்டில் பறக்க நினைத்தால், 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின்படி, விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாடு வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட உரிமம் வேண்டும். உங்கள் உரிமம் அங்கே தானாகச் செல்லும் என்று நினைத்து விடுமுறைக்குத் திட்டமிடாதீர்கள். அமெரிக்காவில் வெளிநாட்டு உரிமத்தின் அடிப்படையில் எழுத்துத் தேர்வின்றித் தனியார் விமானிச் சான்று தருகிறார்கள், ஆனால் மூல உரிமம் செல்லுபடியாக இருக்கும் வரையே அதற்கு உயிர். மூல உரிமத்தைக் கடிதம் வழியே சரிபார்ப்பதற்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்க வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது பற்றி யாரும் முதலில் கேட்பதில்லை. உரிமம் வந்த ஆறாம் மாதம் எல்லோருக்கும் அந்தக் கேள்வி வந்துவிடும். தனியார் விமானி கூலிக்குப் பறக்கக் கூடாது. செலவைப் பகிரலாம்: அமெரிக்காவில் எரிபொருள், எண்ணெய், தளக் கட்டணம், வாடகை ஆகியவற்றில் விமானி தன் சம பங்கைக் கொடுத்தே ஆக வேண்டும், ஐரோப்பாவில் விமானி உட்பட ஆறு பேர் வரை பகிரலாம். 2019 ஜனவரி 21 அன்று கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவை பிரான்ஸின் நாந்தில் இருந்து கார்டிஃபுக்கு ஏற்றிச் சென்ற ஒற்றை இயந்திர விமானம் இரவில் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. பிரிட்டிஷ் விசாரணை அறிக்கையின்படி அந்த விமானியிடம் தனியார் உரிமம் மட்டுமே இருந்தது. வணிகப் பயணத்துக்கு அனுமதி இல்லை, இரவுத் தகுதி இல்லை, விமான வகைத் தகுதியும் முந்தைய ஆண்டே காலாவதியாகியிருந்தது. புகைபோக்கியிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு இருவரையும் பாதித்திருக்கக் கூடும் என்பதும் தெரியவந்தது. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-இல் 18 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நான் சொன்ன பூட்டுகளில் முதலாவது திறக்காமலே பறந்த இரவு அது. சிறு விமானங்களில் சூட்டுக் காற்று புகைக்குழாயைச் சுற்றி வருவதுதான். அதில் ஒரு விரிசல் போதும். மின்கலத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை உங்கள் பையில் எப்போதும் வைத்திருங்கள், வாடகை விமானம் என்றால் கட்டாயம்.

கடைசியாக, குடும்பம். எவரையும் ஏற்றிச் செல்வதற்கு முந்தைய 90 நாளில் அதே வகை விமானத்தில் மூன்று முறை எழும்பி இறங்கியிருக்க வேண்டும் என்பது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பொது. நாள் தாண்டிவிட்டால் பயமில்லை. தனியே போய் மூன்று சுற்றுச் சுற்றி இறங்கினால் அரை மணி நேரத்தில் தகுதி திரும்பும். ஆனால் உரிமம் கிடைத்த மறுநாளே மனைவியையும் பிள்ளைகளையும் அடைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். முதலில் மன்றத்து நண்பர் ஒருவரோடு, பிறகு வீட்டில் ஒரே ஒருவரோடு, அதிகாலையிலோ மாலை சாயும் நேரத்திலோ, வெயிலின் குலுக்கல் இல்லாதபோது, இருபது நிமிடம் மட்டும் போய் வாருங்கள். ஏறும் முன் இருக்கைப் பட்டையை அவரே கழற்றிக் காட்டட்டும். கதவை உள்ளிருந்து திறக்கச் சொல்லுங்கள். நடுவானில் கதவு விலகினால் சத்தம்தான் வரும், விமானம் விழாது என்று முன்பே சொல்லிவையுங்கள். கையை உயர்த்திக் காட்டினால் பேச்சை நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இறங்கும் நேரத்தில்தான் எல்லோருக்கும் நம் வீடு தெரிகிறதா என்று கேட்கத் தோன்றும். மற்ற விமானங்களைத் தேடும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். நம்மைவிட அவர்களுக்குக் கண் கூர்மை. வாந்திக்கான காகிதப் பையை இருக்கைப் பைக்குள் ஒளித்து வைக்காமல், மடியிலேயே கொடுத்துவிடுங்கள்.